விழாத குண்டு

கொம்பியூட்டர்ப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளில் உங்களுக்கு ஓர் அடையாள அட்டையும் ஒரு கடவுச்சொல்லும் தந்திருப்பார்கள். என்னை மதிலோரம் ஒரு முக்காலியில் இருத்தி, வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். புரோகிராம் எழுதப் பழகலாம் என்று கரவெட்டியிலிருந்து சயிக்கிளில் வந்தவள் நான். முதல் வாரம் முழுக்க அண்ணாந்து பார்த்ததில் கழுத்து நொந்ததுதான் மிச்சம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. கொக்குவிலில், தண்டவாளம் கழற்றப்பட்ட ரெயில் பாதைக்குக் கிட்ட, சுற்றுமதில் போட்ட ஒரு வீட்டின் முன் அறையில் எங்கள் பயிற்சி நிலையம் இருந்தது. கொம்பியூட்டர் ஒன்றே ஒன்று. அதை ஓட்ட மண்ணெண்ணெயில் இயங்கும் சிறிய ஜெனரேற்றர். மண்ணெண்ணெய் கிடைக்கும் நாளில் மட்டும் அது உறுமும். மற்ற நாட்களில் கடதாசியில் எழுதி, எழுதியதை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, மெசின் என்ன செய்யும் என்று வாயால் சொல்லிப் பார்ப்போம்.

ஜெனரேற்றர் உறுமும்போது ஒரு சிக்கல். குண்டு போடுகிற பொம்மர் விமானம் வருகிற சத்தம் கேட்காது. அதனால்தான் ஒருவர் வெளியே இருந்து வானம் பார்க்க வேண்டும். வெளியே இருப்பவர் “வருது” என்றால் உள்ளே இருப்பவர் கையை எடுத்துவிட்டு வளவுக்குள் வெட்டிய பங்கர் குழிக்கு ஓட வேண்டும். அந்த நிலையத்தின் சட்டம் அது ஒன்றுதான்.

சட்டத்தைப் போட்டவர் எங்களுக்கு வேலை பழக்கியவர். அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்வதை அவர் விரும்பியிருக்க மாட்டார். அக்கா என்றே கூப்பிடுவோம். முப்பது வயது கடந்திருக்கும். எண்பத்து மூன்று வரை கொழும்பில் ஒரு கம்பனியில் புரோகிராமராக இருந்தவர். அந்த ஆண்டு ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர். அதைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. சிரிப்பது குறைவு. பிழை விட்டால் ஏச மாட்டார். “திருப்பி வாசி” என்பார். சரியாகச் செய்தாலும் “திருப்பி வாசி” என்பார்.

பயிலுநர்கள் நாங்கள் இரண்டு பேர். நானும் அன்ரனும். அன்ரன் குருநகர் மீன்பிடிக் குடும்பம். கடற்கரைப் பக்கம் இருக்க முடியாமல் அவர்கள் இடம்பெயர்ந்து, கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், சீலைத் திரை கட்டி மறைத்த ஒரு மூலையில் இருந்தார்கள். தாய், அக்கா றீற்றா, றீற்றாவின் கணவர் பாவிலு, அன்ரன். கடலுக்குப் போகத் தடை என்பதால் பாவிலு விறகு கொத்திக்கொண்டிருந்தார். றீற்றாவுக்கு வயிற்றில் முதல் பிள்ளை. அன்ரனின் கெட்டித்தனத்தைப் பற்றி ஒரு வசனம் போதும். நான் கடதாசியில் மூன்று தரம் தடவிக் கண்டுபிடிக்கிற பிழையை அவன் எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பான்.

எங்களுக்குக் கிடைத்த முதல் உண்மையான வேலை இரத்ததானம் செய்பவர்களின் விபரம். ஊரெல்லாம் இடம்பெயர்ந்து கிடந்த காலம். ஒருவருடைய இரத்த இனம் தெரிந்தாலும் அவர் இன்றைக்கு எந்த ஊரில், எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்று தெரியாது. தொண்டர்கள் சிலர் கோயில் கோயிலாக, சேர்ச் சேர்ச்சாகப் போய்ப் புது விலாசங்களைத் துண்டுகளில் எழுதிக்கொண்டு வருவார்கள். இன்ன இனம், இன்ன பகுதிக்குக் கிட்ட என்று கேட்டால் பெயர்களைத் தருகிற புரோகிராமை அன்ரன் எழுதினான். விபரங்களை நான் பதிந்தேன். கடதாசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பதிந்து முடிந்த துண்டுகளின் பின்பக்கத்தில் நாங்கள் பயிற்சி எழுதுவோம். அதுவும் நிரம்பினால் அடுப்புக்குப் போகும். அது பிழை என்று எங்கள் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

அன்றைக்கு வெளியே இருந்தது நான். பத்து மணி இருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வடக்கே, உயரத்தில், ஒரு புள்ளி தெரிந்தது. யன்னலில் தட்டி “வருது” என்றேன். அயல் வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கா கதவடிக்கு வந்துவிட்டார். அன்ரன் எழும்பவில்லை.

“அன்ரன், எழும்பு.”

“அரை நிமிசம் அக்கா. டிஸ்க்கிலை எழுதிக்கொண்டிருக்கு. இப்ப முடிஞ்சிடும்.”

“எழும்பு எண்டனான்.”

“முடியப்போகுது அக்கா.”

அக்கா மூன்றாம் தரம் சொல்லவில்லை. குனிந்து வயரைப் பிடித்து இழுத்தார். திரை அணைந்தது. அன்ரனின் சேட்டுக் கொலரைப் பிடித்து, ஒரு மாட்டை இழுப்பது போல, பங்கருக்குள் இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே தென்னங்குற்றிகளின் கீழ், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தோம். ஜெனரேற்றர் வெளியே தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு சத்தம் தெற்கே கடல்நீரேரிப் பக்கம் போய்த் தேய்ந்தது.

ஒன்றும் விழவில்லை.

திரும்பி வந்து கொம்பியூட்டரைப் போட்டோம். அந்த மெசினில் உள்ளே சேமித்து வைக்க வழி கிடையாது. எல்லாம் பிளாப்பி டிஸ்க்கில்தான். மூலமும் பிரதியும் இரண்டு வாய்களிலும் செருகியிருந்தன. அன்ரன் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தான். இரண்டும் வாசிக்கவில்லை. அக்கா தனக்குத் தெரிந்த எல்லா வழியாலும் முயன்றார். மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் இருமி நிற்கும் வரை முயன்றார். மாதக்கணக்கில் பதிந்த பெயர்களில் ஒன்றுகூட மீளவில்லை.

அன்ரன் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான்.

“ஒண்டும் விழேல்லை அக்கா,” என்றான்.

“விழேல்லை எண்டு இப்ப தெரியும். அப்ப தெரியாது.”

“அரை நிமிசம்தானே கேட்டனான்.”

அவன் என் பக்கம் திரும்பினான். “நீ கண்டது பொம்மர்தானோ? பலாலி ஆமிக் காம்புக்குச் சாமான் ஏத்திற பிளேனோ?”

“எனக்குத் தெரியாது. ஒரு புள்ளி. அவ்வளவுதான்.”

“அவளைக் கேளாதை,” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “கண்டாச் சொல்லவேணும். அதுதான் அவளின்ரை வேலை. என்னது எண்டு பாத்து வைச்சுச் சொல்லச் சொல்லி நான் சொல்லேல்லை. கோபப்படுறதெண்டா என்னோடை கோபப்படு.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பின்னாளில் கொழும்பில் பெரிய நிறுவனங்களில் வேலை செய்தபோது, ஏதோ பிழையாகத் தெரிகிறது என்று சொன்ன பிள்ளைகளைப் பிறகு கூட்டத்தில் இருத்தி “வீணாப் பயப்படுத்திப்போட்டாய்” என்று குறை சொன்னதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்ன இடங்களில் அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அறையில் நான் குற்றவாளியாக நிற்காதபடி பார்த்துக்கொண்டவர் அக்கா. தன்னைக் காப்பாற்ற அவருக்கு ஒருவரும் இல்லாத நேரத்தில் அதைச் செய்தார்.

அடுத்த நாளே மீண்டும் பதியத் தொடங்கினோம். துண்டுகளில் அடுப்புக்குப் போகாமல் மிஞ்சியிருந்தவை கொஞ்சம். தொண்டர்களிடம் திரும்பப் போகச் சொல்லிக் கேட்டோம். அவர்கள் முகம் சுழிக்காமல் போனார்கள். ஆனால் அது ஆறுதலாக, மெல்ல மெல்ல நடக்கிற வேலை.

ஒரு வாரம் ஆகியிருக்காது. காலையில் நாங்கள் கதவைத் திறக்கும்போதே அன்ரன் சயிக்கிளில் வந்தான். வீட்டில் உடுக்கிற சாரத்தோடு வந்திருந்தான். நிலையத்துக்கு அவன் ஒருநாளும் சாரத்தோடு வந்ததில்லை.

“றீற்றா அக்காவுக்குப் பிள்ளை பிறந்திட்டுது. பொம்பிளைப் பிள்ளை,” என்றான். மூச்சு வாங்கியது. “இரத்தம் நிக்குதில்லையாம். ஓ நெகற்றிவ் வேணுமாம். ஆசுப்பத்திரியிலை இருந்ததை ஏத்திப்போட்டினம். என்ரை சேராது.”

ஓ நெகற்றிவ் கிடைப்பது அரிது. எங்கள் பிளாப்பியில் அந்த இனத்தில் சிலர் இருந்தார்கள். பதிந்தவள் நான் என்பதால் மூன்று பேருடைய பெயர் நினைவில் இருந்தது. திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கிற ஒருவர். ஒரு வாத்தியார். தட்டச்சுப் படிப்பிக்கிற ஒரு பெண். பெயர்கள்தான் நினைவு. வாத்தியாரும் அந்தப் பெண்ணும் இடம் மாறியிருந்தார்கள். மாறிய விலாசத்தை நான்தான் தட்டினேன். எவ்வளவு நெற்றியை அமத்தினாலும் அது வரவில்லை.

அக்கா யோசிக்க எடுத்தது கண் மூடித் திறக்கிற நேரம். “தேவகி, நீ வாத்தியாரின்ரை பழைய வீட்டுக்குப் போ. அயலுக்கை கேள். நான் சந்தைக்குப் போறன். அன்ரன், நீ திரும்பி றீற்றாவிட்டைப் போ.”

“நானும் தேடுறன்.”

“நீ அவவுக்குப் பக்கத்திலை இரு.”

“அங்கை இருந்து நான் என்ன செய்யிறது? பாத்துக்கொண்டிருக்கிறதோ?” என்று சொல்லிவிட்டு, தட்டச்சுக்காரப் பெண் முன்பு இருந்த நாவாந்துறைப் பக்கம் சயிக்கிளை மிதித்தான்.

வாத்தியாரின் வீட்டுப் படலையில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அவை தென்மராட்சிக்குப் போட்டினம் பிள்ளை. எந்த ஊரெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார். நான் சந்தியில், கோயிலில், கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றவர்களிடம் எல்லாம் கேட்டேன். சாவகச்சேரி என்றார் ஒருவர். கொடிகாமம் என்றார் இன்னொருவர். மட்டுவில் என்று தட்டியதாக எனக்கு ஒரு கணம் பட்டது. மட்டுவிலில் எங்கே என்று தேடுவது?

அன்ரனும் வெறுங்கையோடு வந்தான். அக்காதான் மரக்கறி வியாபாரியைக் கண்டுபிடித்து, தன் சயிக்கிள் கரியரில் இருத்தி, உழக்கி உழக்கி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த மனிதர் கடையை விரித்தபடி விட்டுவிட்டு வந்தார். இரத்தம் கொடுத்தார். அது போதவில்லை. பின்னேரம் றீற்றா இறந்துபோனார்.

வேறு இருவரும் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு அக்கா மருத்துவரிடம் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். “சொல்லேலாது” என்றார் மருத்துவர். அவர் எங்களை ஆற்றுவதற்காக அப்படிச் சொன்னாரா, உண்மையிலேயே சொல்ல முடியாதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

செத்தவீடு அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில்தான். கதிரை மேசைகளை ஒதுக்கிவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து விலகி இடம் விட்டார்கள். வாசலில் அன்ரன் நின்றான். அக்கா உள்ளே போகிற நோக்கத்தைக் கண்டு வழியை மறித்தான்.

“அத்தானுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ.”

“சொல்லாமல் விட்டா நாளைக்கு வேறை ஆரும் வேறை விதமாச் சொல்லுவினம். என்ரை வாயாலை போகட்டும்.”

“சொல்லி என்ன வரப்போகுது?”

“ஒண்டும் வராது. எண்டாலும் அவருக்குத் தெரியவேணும்.”

பாவிலு சுவரோரம் நிலத்தில் இருந்தார். அக்கா அவருக்கு முன்னால் நிலத்திலேயே இருந்தார். சுற்றி வளைக்கவில்லை. இரத்தம் குடுக்கிற ஆக்களின்ரை விபரம் எங்களிட்டை இருந்தது, பிளேன் வந்த நேரம் நான் மெசினை நிப்பாட்டினன், அதாலை எல்லாம் அழிஞ்சு போச்சு, அது இருந்திருந்தா இன்னும் ரண்டு பேரைக் கூட்டி வந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பாவிலு பள்ளிக்கூடம் போனது கொஞ்சம். கொம்பியூட்டரைக் கண்டதில்லை.

“அந்த மெசின் பெட்டிக்குள்ளை ஆக்களின்ரை பேர் இருந்ததோ பிள்ளை?”

“ஓம்.”

“பேர்தானே அழிஞ்சது. ஆக்கள் இருக்கினம்தானே?”

“ஓம். இருக்கினம்.”

“ஆக்கள் இருக்கேக்கை இவள் ஏன் போனவள்?”

அவர் குற்றம் சாட்டவில்லை. விளங்காமல்தான் கேட்டார். அக்கா எழும்பி, சவப்பெட்டிக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

வீதியில் சயிக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். ஏறி ஓடுகிற தெம்பு இருவருக்கும் இல்லை. தட்டாதெருச் சந்தி தாண்டியதும் அக்கா கதைத்தார்.

“வயரை இழுத்தது பிழையில்லை. நாளைக்கு அதே மாதிரி வந்தாலும் இழுப்பன். ரண்டு பிளாப்பியையும் ஒரே மெசினுக்குள்ளை ஒரே நேரத்திலை வைக்க விட்டனே, அது பிழை. துண்டை அடுப்புக்குப் போட விட்டனே, அதுவும் பிழை. அதுகளைச் செய்த நாளிலை ஒரு பிளேனும் வரேல்லை. நல்ல அமைதியான நாள்.”

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடியில் நாம் எடுத்த முடிவைத்தான் எல்லோரும் பிறகு கிளறுவார்கள். நாமும் அதைத்தான் நினைத்து நித்திரை இல்லாமல் கிடப்போம். ஆனால் அந்த நேரத்தில் கையில் இருக்கிற தெரிவுகள் எவை என்பது அதற்கு எவ்வளவோ முதல், வெயில் நல்லாக எறிக்கிற ஒரு சாதாரண நாளில், நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டு கவனமில்லாமல் இருந்தபோதே முடிவாகிவிடுகிறது.

அன்ரன் இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் வந்தான். அக்கா கதவடியில் நின்றார். அவரைத் தாண்டி உள்ளே போய், பென்சிலை எடுத்து, மேசையில் கிடந்த துண்டுகளைப் பிரிக்கத் தொடங்கினான். பிரித்தவற்றை ஒரு பழைய பிஸ்கற் தகரத்தில் போட்டு, கொளுத்தாதே என்று மூடியில் எழுதினான். பிரதி எடுக்கிற புது முறையையும் அவனே எழுதினான். மூலம் உள்ளே இருக்கும்போது பிரதி வேறு வீட்டில் இருக்கும். எந்தக் கட்டத்தில் வயரை இழுத்தாலும் கடைசியாகத் தட்டிய ஒரு பெயருக்கு மேல் அழிந்து போகாது. அது எவ்வளவு நல்ல வேலை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. அக்கா அதை வாசித்தார். முதல் தடவையாகத் திருப்பி வாசிக்கச் சொல்லவில்லை.

ஆனால் அவன் அவரை அதற்குப் பிறகு அக்கா என்று கூப்பிடவில்லை. வேலைக்குத் தேவையானதைக் கேட்பான். “நீங்கள் இதைப் பாத்திட்டியளோ” என்பான். பெயரோ முறையோ இல்லாமல், நீங்கள் மட்டும். மூன்று பேர் இருக்கிற ஓர் அறையில் அது எவ்வளவு பாரம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அக்கா ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்காமல் ஒருமுறை, “நீங்கள் அவனோடை ஒருக்கா இருந்து கதையுங்கோவன்” என்றேன்.

“என்னத்தைக் கதைக்கிறது? என்ரை முடிவு சரியெண்டு அவனை ஒத்துக்கொள்ளப் பண்ணுறதோ? அவன் வேலைக்கு வாறான். அது போதும்.”

அந்தப் புரோகிராமால் பிறகு பலருக்கு இரத்தம் கிடைத்தது. எத்தனை பேருக்கு என்று நாங்கள் எண்ணவில்லை. எண்ணினால் றீற்றாவின் கணக்குச் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதால் அக்கா எண்ண விடவில்லை என்று நினைக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில், இராணுவம் முன்னேறி வர, வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் ஓர் அடி வைக்க எவ்வளவோ நேரம் நின்றது. அந்த நெரிசலில் மூவரும் பிரிந்துபோனோம். அன்ரன் தாயையும் றீற்றாவின் மகளையும் கூட்டிக்கொண்டு வன்னி போய், பிறகு இந்தியா போய், கடைசியில் கனடா போய்ச் சேர்ந்தான். அங்கும் இதே தொழில். அக்கா வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். கொம்பியூட்டரைப் பிறகு தொட்டதாகத் தெரியவில்லை. நான் கொழும்பு வந்து, ஓய்வு பெறும் வரை இந்தத் தொழிலிலேயே கிடந்தேன்.

அக்கா இறந்த செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. அன்ரனின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். சொன்னேன்.

“நானெண்டாலும் வயரை இழுத்திருப்பன்,” என்றான்.

“எப்ப இருந்து உனக்கு இது தெரியும்?”

“பங்கருக்குள்ளை இருக்கேக்கையே தெரியும்.”

“அதை ஒருக்கா அவவுக்குச் சொல்லியிருக்கலாமே அன்ரன். அவ்வளவு வருசம் ஒரே அறையிலை இருந்தனாங்கள்.”

“சொல்லியிருந்தா,” என்று அவன் தொடங்கினான். “சொல்லியிருந்தா, எங்கடை றீற்றா அக்கா செத்தது ஒருத்தரின்ரையும் பிழை இல்லாமல் போயிருக்கும், தேவகி. அதை என்னாலை தாங்கேலாது.”